வாய் திறப்பு விழா

மையத்தின் வாசலில் இரண்டு வரிசைகள் இருந்தன. ஒன்றில் ஒரு ஈ காக்கை இல்லை. இன்னொன்றில் பதினேழு பேர் வெயிலில் நின்றார்கள்.

தூர்க்காரர் பதினேழு பேர் நின்ற வரிசையில் பதினெட்டாவது ஆளாகப் போய் நின்றார். கூட்டம் நிற்கிற இடத்தில்தான் காரியம் நடக்கும் என்று நம்பிய காலம் அது. வாய்க்காலில் இறங்கித் தூர் வாருவது அவர் தொழில். முப்பது வருடமாக அதே வேலை என்பதால் பெற்றவர்கள் வைத்த பெயர் அழிந்து தொழிலே பெயராக நின்றுவிட்டது. அவர் கையில் ஒரு மனு இருந்தது. மையத்தின் மதிலுக்கு உள்ளே, பின்பக்கம், மூலிகைப் பாத்திக்குக் கீழே ஒரு வாய் அடைபட்டுக் கிடக்கிறது, அதைத் தோண்டித் திறக்க ஒரு அரை நாள் உள்ளே விட வேண்டும் என்பதுதான் மனு.

வாய் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் சொல். தெருவில் வடியும் மழைத் தண்ணீர் பூமிக்கடியில் போகும் பெரிய குழாய்க்குள் இறங்குகிற இடம். மூன்று வருடத்துக்கு முன் மையத்தைக் கட்டியபோது அஸ்திவாரம் தோண்டிய மண்ணை அந்த வாய்மேல் கொட்டி, பாத்தி கட்டி, செடி நட்டு, ‘மண் நம் தாய்’ என்று பலகையும் வைத்துவிட்டார்கள். முதல் வருட மழையில், தூர்க்காரர் குடியிருக்கும் கீழ்வரிசைத் தெரு வீடுகளின் வாசற்படி நனைந்தது. இரண்டாம் வருடம் கணுக்கால். போன வருடம் பதினோரு வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர் நாலு நாள் நின்றது. தூர்க்காரர் வீட்டு முன்னறையில் அவர் மைத்துனன் இரும்புக் கட்டிலில் கிடக்கிறான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவன். புரட்டிப் போட இரண்டு பேர் வேண்டும், தூக்க நாலு பேர் வேண்டும். தண்ணீர் அவன் கட்டில் சட்டத்துக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. இந்த வருடம் மழை கூடுதல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

“மனுவா, மரபா?” என்றார் காவலாளி.

“என்னங்க?”

“மனு குடுக்கிறவங்க இந்த வரிசை. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வாங்குவாங்க. மரபு குடுக்கிறவங்க அந்த வரிசை. அவங்க எப்ப வேணா போகலாம்.”

“போன மாசம் கடைசி வெள்ளிக்கிழமை வாங்கினாங்களா?”

“போன மாசம் லீவு.”

“அதுக்கு முந்தின மாசம்?”

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கேள்வி கேக்கிற தோரணையப் பாத்தா மனு மாதிரிதான் தெரியுது.”

தூர்க்காரர் மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு அடி எடுத்து அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

“மரபுங்க” என்றார்.

காவலாளி எழுந்து நின்று கதவை அகலத் திறந்தார். பதினேழு பேரும் தூர்க்காரரை, வீட்டுச் சாவியைத் தொலைத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மையத்தின் முழுப் பெயர் ‘மரபறிவு வழி இளையோர் கல்விக்கும் நிலைத்த எதிர்காலத்துக்குமான உயர்நிலை மையம்’. அந்தப் பெயருக்காகவே நடைக்கூடத்தை ஆறு அடி நீட்டிக் கட்டியிருந்தார்கள். கூடத்தின் முடிவில் பதிவு அலுவலர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. மேசையில் காகிதக் கட்டு.

“உங்க அறிவு எத்தனை தலைமுறையா வருது?”

“என் அறிவாம்மா? நான் வேலைக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு.”

“முப்பது வருஷம்னா அது அனுபவம். அனுபவத்த நாங்க எடுக்கிறதில்ல. மூணு தலைமுறை வேணும். அப்பா என்ன பண்ணாரு?”

“மூட்டை தூக்கினாரு.”

“தாத்தா?”

“அவரும் எதையாவது தூக்கியிருப்பாரு.”

அலுவலர் ‘சுமத்தல், மூன்று தலைமுறை’ என்று எழுதினார். “இந்த வேலைக்குன்னு எங்கயாவது படிச்சீங்களா, பயிற்சி எடுத்தீங்களா?”

“நகராட்சியில விஷவாயு பத்தி மூணு நாள் வகுப்பு வச்சாங்கம்மா. அதுலதான் நான் உசிரோட…”

“அத வெளிய சொல்லிடாதீங்க” என்று அலுவலர் குரலைத் தாழ்த்தினார். “கலப்பட அறிவுன்னு தள்ளிடுவாங்க. சரி, என்ன சொல்ல வந்தீங்க?”

தூர்க்காரர் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார். “வாய் அடைச்சுக் கிடக்குதும்மா. மூணு வருஷமா. எத்தனையோ தடவை சொல்லிப் பாத்துட்டோம், யாரும் காதுல வாங்கல. நீங்கதான் அடைச்சீங்கன்னு சண்டை போட வரல. தொறந்து மட்டும் விட்டுட்டீங்கன்னா எங்க ஜனம் பொழச்சுக்கும்.”

அலுவலரின் பேனா நின்றது. கண் கலங்கியது. “இவ்வளவு எளிமையா இத யாருமே சொன்னதில்ல” என்று எழுந்து உள்ளறைக்கு ஓடினார்.

தூர்க்காரருக்கு அப்போதே சந்தேகம் வந்தது. முப்பது வருடத்தில் வாய்க்கால் விவகாரத்துக்குக் கண் கலங்கிய அலுவலரை அவர் கண்டதில்லை.

திரும்பி வந்தவர் கையில் ஒன்பது பக்கப் படிவம் இருந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி வைத்து, “இங்க ஒரு கையெழுத்து” என்றார்.

“இது என்னம்மா?”

“நீங்க சொன்ன அறிவு உங்களோடதுதான்னு உறுதிமொழி.”

“என்னோடதுன்னா எதுக்கும்மா நான் எழுதித் தரணும்?”

“உங்களோடதா இருந்தாத்தான எங்களுக்குக் குடுக்க முடியும்?”

அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் பட்டது. ஓட்டைக் குடத்திலும் தண்ணீர் இருப்பதுபோலத்தான் படும். கையெழுத்தைப் போட்டார்.

மறுநாளே வகுப்புக்குக் கூப்பிட்டார்கள். வாய் இருக்கும் இடத்தை நேரில் காட்டிவிடலாம் என்று தூர்க்காரர் தன் மண்வெட்டியோடு போனார். அதைக் கண்டதும் பதிவு அலுவலர் பதறிவிட்டார். அதன் பிடி இரும்புக் குழாய். பிடி முறிந்தபோது பழைய கைப்பம்புக் குழாயை அறுத்து அவரே பற்றவைத்தது. “இது மரபு இல்லையே” என்று அதை வாங்கிக் காவலாளி அறையில் வைத்துவிட்டு, காட்சிக் கூடத்திலிருந்து மரப்பிடி போட்ட ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“இது விண்டிருக்கும்மா. ரெண்டு வெட்டுக்குத் தாங்காது.”

“வெட்டப் போறதில்லையே. பிடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்.”

அரங்கில் முப்பது மாணவர்கள் மெத்தை வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நிலைத்தன்மையில் இரண்டு வருடப் பட்டயப் படிப்பு. தூர்க்காரருக்குத் தரையில் ஒரு பாய் விரித்திருந்தார்கள்.

“நாற்காலி ஒண்ணு கிடைக்குமாங்க? முட்டி மடங்காது.”

“மரபு தரையிலதான் இருக்கு” என்றார் மையத்தின் இயக்குநர் கனிவாக, தன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டே. பிறகு எழுந்து பேசத் தொடங்கினார்.

“இளைஞர்களே, நாம் இங்கே கற்பிக்க வரவில்லை. கற்க வந்திருக்கிறோம். கேட்க வந்திருக்கிறோம். இந்த எளிய மனிதரின் முன் நாம் வாய் மூடிச் செவி திறக்க வேண்டிய தருணம் இது. ஆகவே, ஐயா, நான் பேசி முடிக்கும் வரை தயவுசெய்து குறுக்கிடாதீர்கள். நவீனக் கல்வி உங்கள் கைகளைக் கட்டிப்போட்டுவிட்டது. நாங்கள் அந்தக் கட்டை அவிழ்க்கிறோம். அதனால்தான் இந்தப் படிப்பில் கையால் செய்யும் வேலை எதையும் வைக்கவில்லை. கையின் தத்துவத்தை மட்டும் வைத்திருக்கிறோம். மண்ணைக் காயப்படுத்தாதீர்கள். இந்த அரங்கத்துக்காக நாங்கள் எட்டு மாதம் மண்ணைத் தோண்டினோம். ஒரு நாள்கூட மன்னிப்புக் கேட்காமல் தோண்டியதில்லை.”

மன்னிப்புக் கேட்டுத் தோண்டிய அந்த மண்தான் வாய்க்குள் கிடக்கிறது என்று தூர்க்காரர் சொல்ல நினைத்தார். குறுக்கிடக் கூடாது என்பதால் சொல்லவில்லை. உரை ஐம்பது நிமிடம் நடந்தது. கேள்விக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

“மழை வரப்போறத எப்படி ஐயா தெரிஞ்சுக்குவீங்க?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

“போன்ல பாப்பேன் தம்பி.”

பதிவு அலுவலர் எழுந்தார். “தொலைதூரத்திலிருந்து வரும் குரலைக் கேட்பார் என்று பொருள்” என்றார். முப்பது பேனாக்கள் எழுதின.

“போன்ல சில சமயம் தப்பாவும் காட்டும்” என்று தூர்க்காரர் சேர்த்துச் சொன்னார்.

“குரல் சோதிக்கவும் செய்யும்” என்றார் அலுவலர்.

வாய்ப்பு நழுவுகிறது என்று தெரிந்ததும் தூர்க்காரர் பாயில் கையூன்றி எழுந்தார். “பிள்ளைகளா, நான் சொல்றது ஒண்ணுதான். இந்தச் சுவருக்குப் பின்னால, செடி வச்சிருக்கீங்களே, அதுக்குக் கீழ வாய் இருக்கு. நெஞ்சளவு மண்ணு. எடுத்துட்டா தண்ணி தன்னால போயிரும். எடுக்கலைன்னா எங்க வீட்டுக்குள்ள வந்துரும். அவ்வளவுதான்.”

“‘நீர் வாய்வழி போகும், இல்லையேல் வீடுவழி வரும்’” என்று இயக்குநர் கண்ணை மூடித் திரும்பச் சொன்னார். “எழுதிக்கொள்ளுங்கள். தேர்வில் வரும்.”

கடைசி வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கை தூக்கினாள். “செடிக்குக் கீழன்னா, எந்த இடத்துல? கிணத்துப் பக்கமா, மதில் பக்கமா?”

“இடம் பற்றிய கேள்விகள் மூன்றாம் பருவத்தில்” என்றார் பதிவு அலுவலர். அவள் பெயருக்கு நேரே எதையோ குறித்துக்கொண்டார்.

தூர்க்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி, சலவைக் கூடத்தில் பகலெல்லாம் இஸ்திரி போட்டுச் சிவந்த கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ‘மரபறிவாளர்’ என்று அட்டை தொங்க, கையில் மட்டமான காகிதத்தில் அச்சடித்த பாராட்டு மடலோடு வந்து நின்ற புருஷனைப் பார்த்தாள்.

“தொறந்தாங்களா?”

“பாராட்டினாங்க.”

“ஏங்க, காரணம் இல்லாம ஒருத்தன் மரியாதை குடுத்தா முதல்ல மடியத் தொட்டுப் பாத்துக்கணும். என்னத்துல கையெழுத்து வாங்கினான்?”

“அறிவு என்னோடதுன்னு.”

“அது எனக்கே தெரியாதே” என்றான் கட்டிலில் கிடந்த மைத்துனன். “மாமா, வாயுள்ள பிள்ளை பொழைக்கும்னு சொல்லுவாங்க. நமக்கும் வாய் இருக்கு. அதுல மண்ணு இருக்கு.”

“நீ சும்மா கிட மாப்ள.”

“சும்மாதான கிடக்கேன். வேற என்ன பண்றேன்? கட்டிலுக்குக் கீழ இன்னும் ரெண்டு செங்கல் வச்சு ஏத்து. போன வருஷம் நாலு விரல்ல தப்பிச்சேன். இந்த வருஷம் தண்ணி வந்தா நீங்க எல்லாம் ஓடிருவீங்க. நான் மட்டும் படகுக்காரன் மாதிரி மிதந்துக்கிட்டு இருப்பேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அக்காவும் சிரித்தாள். அன்று மாலையே தூர்க்காரர் செங்கல் தேடிப் போனார். வழியில் கீழ்வரிசைக்காரர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கழுத்து அட்டையைக் கழற்ற மறந்திருந்தார். “உள்ள போய் வர்ற ஆளு. இனிமே நம்மகூட எதுக்குப் பேசப்போறாரு” என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. மனு கொடுக்க நின்ற பதினேழு பேரில் மூன்று பேர் அந்தத் தெரு.

பத்தாம் நாள் அழைப்பிதழ் வந்தது. ‘வாய் திறப்பு விழா’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. தூர்க்காரர் இரண்டு தடவை படித்தார். மனைவியிடம் கொடுத்தார். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “நம்பாதீங்க” என்றாள். ஆனாலும் கீழ்வரிசையில் விஷயம் பரவி, ஒன்பது பேர் கடப்பாரை, கூடை சகிதம் அவரோடு கிளம்பினார்கள். காவலாளி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கைக்கொடி கொடுத்தார்.

மையத்தின் முகப்பில் பத்தடி உயரத்தில் அட்டையாலும் துணியாலும் ஒரு வாய் செய்து வைத்திருந்தார்கள். சிவப்பு உதடு. முப்பத்திரண்டு பல். உதட்டின் குறுக்கே நாடா. இயக்குநர் கத்தரிக்கோலால் நாடாவை வெட்டினார். வாய் திறந்தது. உள்ளேயிருந்து மாணவர்கள் முப்பது பேரும் வரிசையாக வெளியே வந்து, “நீர் வாய்வழி போகும், இல்லையேல் வீடுவழி வரும்” என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

“எந்த வாயடா இது?” என்றார் கடப்பாரை கொண்டுவந்தவர். யாருக்கும் தெரியவில்லை.

இயக்குநர் ஒலிபெருக்கி முன் வந்தார். “மூன்று தலைமுறையாக அடைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வாயை இன்று திறந்துவிட்டோம். இதோடு நம் கடமை முடியவில்லை. நம் வளாகத்திலேயே, நாம் அறியாமலேயே, அந்த ஒடுக்குமுறையின் உயிருள்ள சாட்சியாக ஓர் அடைபட்ட வாய் இருப்பதை இம்மரபறிவாளர் நமக்குக் கண்டு சொன்னார். அவ்விடத்தைப் பாதுகாக்கப்பட்ட மரபிடமாக இன்று அறிவிக்கிறேன். அடைபட்ட வாய் அடைபட்ட நிலையிலேயே, ஒரு பிடி மண்ணும் குறையாமல், அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கப்படும்.”

கைதட்டல் எழுந்தது. கீழ்வரிசையிலும் இரண்டு பேர் பழக்கத்தில் தட்டிவிட்டார்கள்.

தூர்க்காரருக்குப் பேச இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். “ஐயா, மூணு தலைமுறை இல்ல, மூணு வருஷம். நீங்க கட்டடம் கட்டினப்பதான் அத மூடினீங்க. நானே பாத்தேன். லாரி லாரியா கொட்டினீங்க.”

இயக்குநர் நெஞ்சில் கைவைத்தார். “கேட்டீர்களா? முதலில் சொன்னபோது லாரி இல்லை. இப்போது வந்துவிட்டது. வாய்மொழி மரபின் அழகே இதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பதிப்பு.”

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே வெட்டவே விடாமல் பூதம் கிளம்பிவிட்டது. மனு மட்டும் கொடுத்திருந்தால் அது வெறும் மண்மேடாகவாவது இருந்திருக்கும்; யாரும் இல்லாத நேரம் பார்த்து மதிலேறிக் குதித்துத் தோண்டியிருக்கலாம். இப்போது அதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, காவலுக்கு இன்னொரு ஆளும் வைத்துவிட்டார்கள். கீழ்வரிசையில் தூர்க்காரரோடு பேச இரண்டே பேர் மிஞ்சினார்கள். இருவரும் அவர் வீட்டிலேயே இருந்தார்கள்.

“மாமா,” என்றான் மைத்துனன், “நீ நிஜத்தச் சொல்றே. அவங்க எழுதிக்கிறாங்க. ஒரு பொய்யச் சொல்லிப் பாரேன். செஞ்சாலும் செய்வாங்க.”

“பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல மாப்ள.”

“பழகிக்க. கட்டிலுக்குத்தான் கால் இருக்கு, எனக்கில்ல. தண்ணிக்கு அது தெரியாது.”

மனைவி கட்டிலருகே வந்தாள். கட்டிலின் கீழ் வைத்த செங்கற்களைக் காலால் தட்டிப் பார்த்தாள். ஒன்று ஆடியது.

மழைக்கு ஐந்து நாள் இருக்கும்போது தூர்க்காரர் பதிவு அலுவலர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

“ஒண்ணு சொல்ல மறந்துட்டேம்மா. எங்க மரபுல, முதல் மழைக்கு முன்னால, முப்பது இளையவங்க சேந்து வாய்க்கு மேல இருக்கிற மண்ண எடுத்துப் பக்கத்துல வைக்கணும். இல்லைன்னா சாபம்.”

அலுவலர் நிமிர்ந்தார். “எந்த நூல்ல இருக்கு இது?”

“எதுலயும் இல்லம்மா.”

“வேற யாருக்காவது தெரியுமா?”

“ஒருத்தருக்கும் தெரியாது.”

“அப்ப உண்மைதான்” என்று அலுவலர் எழுதத் தொடங்கினார். “சாபம் யாருக்கு?”

தூர்க்காரர் கொஞ்சம் யோசித்தார். “இடம் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கு.”

அரை மணி நேரத்தில் இயக்குநரே வந்துவிட்டார். மரபிடத்தில் ஒரு பிடி மண்ணும் குறையக் கூடாது என்று தானே அறிவித்தது அவர் நினைவில் இருந்தது. ஆனால் மரபே மண்ணை எடுக்கச் சொன்னால், எடுப்பதுதான் பாதுகாப்பு என்று அலுவலர் விளக்கம் எழுதினார். “எவ்வளவு எடுக்கணும்?” என்றார் இயக்குநர்.

“நெஞ்சளவு.”

“அடையாளமா ஆளுக்கு ஒரு கரண்டி போதாதா?”

“சாபம் அடையாளமா வராதுங்களே.”

இயக்குநர் யோசித்துவிட்டு அதை இரண்டாம் பருவ செயல்முறைத் தேர்வாக அறிவித்தார்.

தேர்வு நாளில் வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. மாணவர்களுக்குக் கையுறையும் பூச்செடிக்கு மண் அள்ளும் சின்னக் கரண்டியும் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொருவராக வேலிக்குள் போய், ஒரு கரண்டி மண் எடுத்து, படத்துக்கு நின்று, தட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். முப்பதும் முடிந்தபோது கோழி கிளறிய அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. “நிறைவடைந்தது” என்றார் இயக்குநர். அதே நேரத்தில் முதல் தூறல் விழுந்தது. எல்லோரும் தேநீருக்காக அரங்கத்துக்குள் ஓடினார்கள்.

தூர்க்காரர் வேலிக்குள் நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த விண்ட மரப்பிடி மண்வெட்டி. ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். பிடி இரண்டாகப் போனது.

“இன்னும் எவ்வளவு இருக்கு?”

கண்ணாடி போட்ட பெண் நனைந்துகொண்டு நின்றாள்.

“நாலடி இருக்கும்மா. நீ உள்ள போ. பரீட்சை முடிஞ்சிருச்சு.”

“எது பரீட்சை? கரண்டியா? வேற மண்வெட்டி இல்லையா?”

அவள் காவலாளி அறைக்கு ஓடினாள். குழாய்ப் பிடி மண்வெட்டியோடும், விழாவன்று வாங்கி வைத்த கடப்பாரை, கூடைகளோடும் காவலாளியே பின்னால் வந்தார். “நான் எதையும் பாக்கல” என்றார். “ஆனா சீக்கிரம்.”

தூர்க்காரர் வெட்டினார். அவள் அள்ளினாள். முதல் பத்துக் கூடைக்கு அவளுக்குக் கூடையைப் பிடிக்கவே தெரியவில்லை; விளிம்பைப் பிடித்தாள், இடுப்பு வலித்தது. “அடியில கைய குடு” என்று சொல்லிவிட்டுத் தூர்க்காரர் அடுத்த வெட்டுக்கு ஓங்கினார். இன்னும் நாலு மாணவர்கள் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கு வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினார்கள். மற்ற இருவரும் படம் எடுத்தார்கள்.

இரண்டடிக்குக் கீழே செங்கல் உடைசல். பிறகு சிமெண்டுச் சாக்குகள், அப்படியே மூட்டையாக இறுகிப்போனவை. கடப்பாரையால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். இடுப்பளவு, பிறகு நெஞ்சளவு. மதிலடியில் விட்டிருந்த வடிகால் ஓட்டை வழியே தெருத் தண்ணீர் வந்து பள்ளத்தில் தேங்கத் தொடங்கியது. காலுக்குக் கீழே கல் தட்டுப்பட்டது. மாணவர்களை மேலே ஏறச் சொல்லிவிட்டு, கூடைகளைக் கட்டிவந்த கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைக் காவலாளி கையில் கொடுத்தார். மூச்சை அடக்கிக் குனிந்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, குறுக்கே கிடந்த கடைசிச் சாக்கை இழுத்தார். வரவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார்.

பெரிய மிருகம் ஒன்று தண்ணீர் குடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. தேங்கிய தண்ணீர் சுழன்றது. மிதந்த செடிகள் வட்டம் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. நாற்றம் குப்பென்று கிளம்பியது. படம் எடுத்த இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

மழை இரண்டு நாள் விடாமல் கொட்டியது. கீழ்வரிசைத் தெருவில் கணுக்கால் தண்ணீர் ஓடியது, ஓடியது, நிற்கவில்லை. எந்த வீட்டுக்குள்ளும் ஏறவில்லை. மைத்துனன் ஜன்னல் வழியே பார்த்தபடி கிடந்தான். “ஒரு படகு சவாரி போச்சு” என்றான். அவன் அக்கா அவன் நெற்றியில் ஒன்று போட்டுவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மையம் விசாரணைக் குழு அமைத்தது. நாலாம் நாள் முடிவு ஒட்டப்பட்டது. கண்ணாடி போட்ட பெண்ணும் அவளோடு இறங்கிய இருவரும் தேர்ச்சி பெறவில்லை. காரணம்: ‘செயல்முறைத் தேர்வில் செயல்பட்டார்கள்.’ அடுத்த பருவத்தில் மறுபடி எழுதலாம். மரபிடத்துக்கு நேர்ந்த சேதத்தை உடனடியாகச் சரிசெய்து, வாயை முன்பிருந்த அடைபட்ட நிலைக்கே கொண்டுவரும்படி நகராட்சிக்குக் கடிதம் போனது. நகராட்சி மேஸ்திரி அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தூர்க்காரரைத் தேடி வந்தார்.

“உன்னத்தான்யா கேட்டிருக்காங்க. ‘அடைபட்ட வாய் குறித்து ஆழ்ந்த மரபறிவு உடையவரைக் கொண்டே அடைக்க வேண்டும்’னு எழுதியிருக்கு.”

“நான் மாட்டேன்னா?”

“வேற ஆள விடுவாங்க. அவன் நிஜமா அடைச்சிருவான்.”

மேஸ்திரி அதைச் சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். தூர்க்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். இருபது வருடப் பழக்கம். “நானே அடைக்கிறேன்” என்றார்.

மைத்துனனோடு சாரத்தில் நின்றவர்கள் மூன்று பலகைகள் கொடுத்தார்கள். தூர்க்காரர் அவற்றை வாய்க்குக் குறுக்கே, தண்ணீர் போகும் இடம் விட்டுப் பரப்பினார். மேலே ஒரு தகரம். தகரத்துக்கு மேல் ஒரு சாண் மண். மண்ணில் மூலிகைகளைத் திரும்ப நட்டு, ‘மண் நம் தாய்’ பலகையையும் நிமிர்த்தி வைத்தார். பார்வைக்கு, தோண்டுவதற்கு முன்பிருந்த மாதிரியே இருந்தது.

பார்வையிட இயக்குநர், பதிவு அலுவலர், முப்பது மாணவர்கள் எல்லோரும் வந்தார்கள். முந்தின நாள் பெய்த மழை இன்னும் தெருவிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. இயக்குநர் பாத்தி ஓரத்தில் குனிந்து மண்ணைத் தொட்டார். “முழுமையாக அடைபட்டிருக்கிறது” என்று மனநிறைவோடு சொல்லி, நீட்டப்பட்ட தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு தலையைச் சாய்த்தார்.

“அது என்ன சத்தம்?”

கீழே, ஒரு சாண் மண்ணுக்கும் தகரத்துக்கும் அடியில், கடகடவென்று தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கேட்டது. மேஸ்திரி செருப்பில் ஒட்டிய சேற்றைத் துடைக்கத் தொடங்கினார். காவலாளி வாசலைப் பார்க்க அவசரமாகப் போனார்.

தூர்க்காரர் பாத்திப் பக்கம் காதைச் சாய்த்தார். “பழைய காலத்துச் சத்தம்ங்க ஐயா” என்றார். “ரொம்ப அமைதியா இருந்தாத்தான் கேக்கும். எல்லாருக்கும் கேக்காது.”

“எனக்குக் கேட்கிறது” என்றார் இயக்குநர் அவசரமாக.

“எனக்கும்” என்றார் பதிவு அலுவலர்.

“இளைஞர்களே, கண்ணை மூடிக்கொள்ளுங்கள்” என்று இயக்குநர் குரல் தழுதழுக்கச் சொன்னார். “முன்னோர்கள் பேசுகிறார்கள்.”

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட பெண் மட்டும் மூடவில்லை. பாத்தியைச் சுற்றி மெதுவாக நடந்து தூர்க்காரர் பக்கத்தில் வந்து நின்றாள். குனிந்து, செடிகளுக்கு நடுவே லேசாகத் தெரிந்த பலகை விளிம்பைக் காலால் மண் தள்ளி மறைத்தாள்.

“இது எத்தனை நாள் தாங்கும்?” என்றாள், உதடு அசையாமல்.

“ரெண்டு மழை.”

“அப்புறம்?”

“அப்புறம் பலகைய மாத்தணும்” என்றார் தூர்க்காரர். “உள்ள இறங்கித் தூரும் வாரணும். வருஷா வருஷம் வாரணும்மா. சும்மா விட்டா தானா அடைச்சுக்கும்.”

அவள் கையிலிருந்த நோட்டைப் பிரிக்கவில்லை.

“எந்த மாசம் வரட்டும்?” என்று கேட்டாள்.